தண்ணீர் போகிற வழியில் ஒரு வீடு

பாரடைஸ் நகர்,
கும்மிடிப்பூண்டி
3.9.2005

தம்பி ஸ்டீபனுக்கு,

உன் அக்கா ஏஞ்சலின் எழுதுகிறேன். நீ வேண்டாமென்று ஒதுக்கினாலும் அக்கா அக்காதான். ஹபிபுல்லா பாய் கடைக்கு எத்தனையோ முறை போன் போட்டுப் பார்த்துவிட்டேன். பாய் பாவம், ஓடிப்போய் உன்னைக் கூப்பிட்டுவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வருகிறார். "அவரு கயனிக்குப் போய்க்கிறாரும்மா" என்கிறார். எந்நேரமும் நீ கழனியில்தான் இருக்கிறாய் என்றால் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உன்னைப் போல உழைப்பாளி கிடையாது. அதனால்தான் கடிதம். மில்லில் வேலை செய்கிற நம் தானியேல் லீவுக்குத் தாழம்பேடு வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொடுப்பான். படிக்காமல் கிழித்தாலும் அதையும் வந்து சொல்லிவிடுவான், ஜாக்கிரதை.

நான் சண்டைக்கு எழுதவில்லை. என் புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு நீ வராதது, அதற்கு முன்னால் வாசலில் நின்று நீ பேசிய பேச்சு, எல்லாம் இரண்டு வருஷமாக என்னிடமே இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். இப்போது என் பேஜாரு தண்ணீர்.

இங்கே போர் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சளாகிறது. துணி துவைத்தால் துருக்கறை. சுற்றிலும் கம்பெனிகள் நாம் எட்ட முடியாத ஆழத்துக்குக் குழாயை இறக்கி உறிஞ்சுகின்றன. லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும், வராத நாளில் பக்கத்து வீட்டுக்காரி முகத்தைப் பார்க்க வேண்டும். நகரில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பழைய கிணறு. இதெல்லாம் வயலாக இருந்த காலத்துக் கிணறு. நம் ஊர் ஏரி நிரம்பி, மிஞ்சின தண்ணீர் வெளியேறுகிற கலங்கலில் வழிந்தால், அந்தத் தண்ணீர் வாய்க்காலோடு வந்து எங்கள் ரோட்டுக்கு அடியில் இருக்கிற குழாயில் நுழைந்து, என் வீட்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய் நிற்கும். போன வருஷம் கொஞ்ச நாள் வழிந்ததே, அதில்தான் சித்திரை வரைக்கும் குடித்தோம்.

கலங்கலை சிமெண்ட் போட்டு அடைக்கப் போகிறீர்கள் என்று தானியேல் சொல்கிறான். ஏரிப் பாசன சங்கத்துக்கு நீதான் செயலாளராம். நிஜமா? செய்யாதே தம்பி. உன் பேச்சை ஊர் கேட்கும்.

கிரேஸை விசாரித்ததாகச் சொல். கோபமெல்லாம் உன்மேல்தான், உன் பெண்டாட்டிமேல் இல்லை.

ஏஞ்சல் அக்கா


தாழம்பேடு
11.9.2005

அக்காவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. தானியேல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

கலங்கலை அடைப்பது நிஜம்தான். ஒரு சொட்டு வெளியே விடுவதாக இல்லை. நீ கோபித்தாலும் சரி.

உனக்கு இங்கே நடந்தது தெரியாது. ஏரியில் இரண்டு வருஷம் மாடு மேய்ந்தது, பசங்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பட்டணத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று லாரி வந்தது, கிணற்றுக்காரர்கள் எல்லாரும் விற்றார்கள், கிணறும் போனது, கிழக்கே உப்பும் ஏறிவிட்டது. நான் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் நாற்று விட்ட இடத்திலேயே காய்ந்தது. போன ஐப்பசியில் மழை வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எப்படி வந்தது? முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பெய்கிற மழை நாலு நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போயே போய்விட்டது. இப்போது மழைக்கு ஆயுசு குறைந்து கோபம் அதிகமாகிவிட்டது. அந்த நாலு நாளும் கலங்கலில் வழிந்து பழவேற்காட்டுக்குப் போன தண்ணீரைக் கரையில் நின்று பார்த்தோம். தை மாதம் அதே ஏரியில் எங்களுக்குச் சேறுதான் மிச்சம்.

அதனால் கலங்கல் கற்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளிகளைச் சிமெண்டில் அடைத்து, மேலே முழ உயரத்துக்குச் சுவரும் எழுப்புகிறோம். சங்கத்தில் எல்லாரும் கை தூக்கினார்கள். முதலில் தூக்கியது நான்.

உன் வீட்டைப் பற்றி நீயே பேச்செடுத்ததால் சொல்கிறேன். அது தண்ணீர் போகிற வழி, அங்கே மனை வாங்காதீர்கள் என்று அன்றைக்கு உன்னிடமும் உன் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "தண்ணியே இல்லாத ஊர்ல தண்ணிக்கு இன்னாடா வழி" என்று மாமா சிரித்தார். இப்போது அந்த வழியில் தண்ணீர் வரவில்லை என்று நீ அழுகிறாய். நான் என்ன செய்யட்டும்?

ஸ்டீபன்


பாரடைஸ் நகர்
19.9.2005

ஸ்டீபனுக்கு,

நான் அழவில்லை. கேட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

ஒன்று மட்டும் சொல். நம் ஊரில் கலங்கலை எப்போது அடைப்பார்கள்? கோயிலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஊரே கூடை எடுத்துக்கொண்டு போய்க் கற்களுக்கு நடுவே மண்ணும் புல்கட்டையும் வைத்து அடைக்கும். அதற்குள் பெருமழை ஓய்ந்துவிடும், மிச்சமிருக்கிற தூறலைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். நீயும் நானும் கூடை சுமக்கவில்லையா? உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் விழுந்தது ஞாபகம் இல்லையா? நட்சத்திரம் ஏறுவதற்கு முன்னால் கலங்கலில் ஒரு பிடி மண்ணை யாரும் வைத்ததில்லை. நீங்கள் ஆவணியிலேயே சிமெண்ட் வைக்கிறீர்கள். மண்ணென்றால் கையால் தள்ளிவிடலாம். சிமெண்டை என்ன செய்வாய்?

உன் மாமா கடிதத்தைப் படித்தார். "தண்ணிய அவனே வெச்சிக்கட்டும், லாரி வருது நமக்கு" என்று சொல்லிவிட்டு வெளிச்சுவருக்குப் பூசப் போய்விட்டார். லீவு நாளெல்லாம் அவருக்கு அந்தச் சுவர்தான். இரும்பைக் காய்ச்சி உருட்டுகிற மில்லில் தீய்ந்த கையால் கரண்டி பிடித்து அவரே பூசிய வீடு இது. அதைப் பற்றி இன்னொரு முறை எழுதாதே.

இனி நான் எழுதுவதாக இல்லை.

ஏஞ்சலின்


தாழம்பேடு
24.10.2005

அக்கா,

எழுதமாட்டேன் என்றாய், எழுதாதே. ஆனால் இதைப் படி.

ஏரி நிரம்பிவிட்டது! நேற்று காலை தண்ணீர் பழைய கலங்கல் மட்டத்தைத் தாண்டி, நாங்கள் எழுப்பின சுவரில் பாதி ஏறி நிற்கிறது. ஊரே கரையில்தான். கிரேஸ் உன்னை நினைத்துக்கொண்டாள், நீ இருந்தால் கெண்டை மீனுக்குச் சண்டை பிடித்திருப்பாயாம். நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. சங்கத்தில் எனக்கு மாலை போடப் போகிறார்களாம், வேண்டாம் என்றேன், போட்டால் வாங்கிக்கொள்வேன்.

போன வருஷம் போல விட்டிருந்தால் இந்நேரம் பாதி கடலுக்குப் போயிருக்கும். இப்போதாவது நான் செய்தது சரியென்று ஒத்துக்கொள்.

மழை இன்னும் விடவில்லை. பனைமரத்துப் பக்கம் கரை கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. ஏரி நிரம்பினால் அப்படித்தான் இருக்கும் என்கிறார் சங்கத் தலைவர் அப்பாவு.

ஸ்டீபன்


தாழம்பேடு
28.10.2005

அக்கா,

தானியேலை மழையிலேயே அனுப்புகிறேன். பாய் கடைப் போன் செத்துவிட்டது. இதைப் படித்ததும் உட்கார்ந்து யோசிக்காதே, கிளம்பு.

நேற்று ஒரே நாளில் கொட்டினது நான் பிறந்ததிலிருந்து பார்க்காத மழை. தண்ணீர் சுவருக்கு மேலே வழிகிறது. மதகுகளையெல்லாம் திறந்துவிட்டோம், வயல் முழுக்க வெள்ளம், ஆனாலும் ஏரி இறங்கவில்லை. வருகிறது நூறு பங்கு, போகிறது ஒரு பங்கு. பனைமரத்துப் பக்கம் கரையிலிருந்து சேறு கரைந்த தண்ணீர் பீய்ச்சுகிறது. சாக்கு மூட்டை போட்டோம். மூட்டையோடு மண்ணும் நழுவுகிறது. அதிகாரிகள் எல்லாரும் பெரிய ஏரிகளைப் பார்க்கப் போயிருக்கிறார்கள், எங்களைப் போன்ற சின்ன ஏரிக்கு யார் வருவார்கள்.

கலங்கலை உடைத்தே ஆகவேண்டும். உடைத்தால் இத்தனை தண்ணீரும் வாய்க்காலோடு உன் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

மாமாவையும் கூட்டிக்கொண்டு ரயில்வே பக்கம் மேட்டுக்குப் போய்விடு. உன் காலில் விழுகிறேன். நாளைக்குள் போய்விடு.

ஸ்டீபன்


பாரடைஸ் நகர்
29.10.2005

ஸ்டீபன்,

தானியேல் இடுப்புவரை நனைந்து வந்து நின்றான். உன் கடிதத்தை உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரெண்டு வருசமா இந்த ஊட்ட காலி பண்ண சொல்லிக்கினு இருக்கான் உன் தம்பி. இப்ப மழைய சாக்கு வெச்சிக்கினான்."

நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் முழுதாக நம்பவும் முடியவில்லை. அடைத்தவன் நீ. அடைக்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டவள் நான். அன்றைக்கு ஒரு சொட்டு தர மாட்டேன் என்றாய். இன்றைக்கு ஏரி முழுவதையும் அனுப்புகிறேன் என்கிறாய். உன் கணக்கில் இந்த இரண்டுக்கும் நடுவில் எதுவுமே கிடையாதா?

இங்கே ஏற்கெனவே தெருவில் முழங்கால் தண்ணீர், மழைத் தண்ணீர்தான். அதுவே போக வழியில்லை. மனை போட்டு விற்றவன் ரோட்டை உயர்த்திப் போட்டு அடியில் ஒரே ஒரு குழாயை வைத்துவிட்டுப் போனான், அதிலும் பிளாஸ்டிக் அடைத்துக் கிடக்கிறது. இதில் ஏரித் தண்ணீரும் வந்தால் ரோடு அணை மாதிரி நிற்கும், நகர் குளமாகிவிடும். இங்கே இருநூறு குடும்பம் இருக்கிறது ஸ்டீபன். நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். பின் தெருவில் பிறந்து பத்து நாளான குழந்தை இருக்கிறது. எல்லாரையும் எந்த மேட்டில் வைப்பேன்?

திறக்காதே. இன்னும் மூட்டை போடு. ஊர் ஆண்கள் எல்லாரும் கரையில் படுங்கள். நான் வேறு எதையும் உன்னிடம் கேட்டதில்லை, தண்ணீரைத் தவிர. இப்போது அதையே வேண்டாமென்று கேட்கிறேன்.

அக்கா


தாழம்பேடு
30.10.2005

அக்கா,

கரையில்தான் படுத்திருக்கிறோம். இதை எழுதுகிற காகிதமும் ஈரம், கையும் ஈரம்.

திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்கிறேன். கரை தானாக உடையும். எப்போது, எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. உடைந்தால் கரைக்குக் கீழே இருக்கிற நம் தெரு முதலில் போகும். அதன் பிறகு ஒரே மூச்சில் மொத்த ஏரியும் உன்மேல் வரும். நாமாகத் திறந்தால் தண்ணீர் கோபமாக வந்தாலும் வாய்க்காலில் வரும், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி இருந்தால் நீ சொல், நான் கேட்கிறேன்.

இங்கேயும் சண்டை. அப்பாவு சொல்கிறார், "நம்ம ஏரிய நாமளே ஒடைச்சிட்டு தையில இன்னாத்த துன்றது? கரை தாங்கும்பா." கலங்கலில் கை வைத்தால் வெட்டுவேன் என்று ஒருத்தன் கத்தியைக் காட்டினான். மாலை போட வந்தவன்தான் அவன்.

நீ ரோட்டைப் பற்றி எழுதியதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. தண்ணீர் உங்கள் நகரில் தேங்கக் கூடாது, அதுதானே? அப்படியென்றால் ரோட்டை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் அந்தப் பக்கம் தாழ்வு, நேராகப் பழவேற்காட்டுக் காயலுக்கு ஓடிவிடும். ஆனால் எங்கே வேண்டுமானாலும் வெட்ட முடியாது அக்கா. வாய்க்கால் போன இடத்தில்தான் தாழ்வு இருக்கிறது. அந்த இடத்தில்...

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கே தெரியும். நீங்கள் அஸ்திவாரம் தோண்டினபோது ஊற்று வந்தது, அதிர்ஷ்டம் என்று கொத்தனார் சொன்னார் என்று கிரேஸிடம் சொல்லியிருக்கிறாய்.

உன் பதில் வரும்வரை கலங்கலில் கை வைக்க மாட்டேன். ஆனால் கரை எனக்காகக் காத்திருக்காது. தானியேலை உடனே திருப்பி அனுப்பு.

ஸ்டீபன்


கும்மிடிப்பூண்டி
31.10.2005

தம்பி,

பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். தானியேல் அவசரப்படுத்துகிறான். இருந்தாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், யாரோ சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது மேல்.

உன் கடிதத்தோடு வீடு வீடாகப் போனேன். முதலில் யாரும் நம்பவில்லை. ரோட்டை வெட்டலாம் என்றால், "ரோடு போச்சின்னா ஆம்புலன்ஸ் எப்படி வரும்" என்றார்கள். எங்கே வெட்டுவது என்று பேச்சு வந்ததும் ஆளாளுக்கு அடுத்தவன் வீட்டுப் பக்கம் கை காட்டினார்கள். அப்படியே பொழுது போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் முழங்காலிலிருந்து தொடைக்கு வந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என் ஊட்ல ஆரம்பிங்க. வாய்க்கா அங்கதான் இருந்துச்சி. ஒடைங்க, இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

மில் யார்டில் ஜேசிபி ஓட்டுகிற பாக்கியராஜ் எங்கள் நகர்க்காரன்தான். வண்டியைக் கொண்டுவந்தான். உன் மாமா ஷிப்டிலிருந்து வந்தார். ஜேசிபி ரோட்டை வெட்டி முடித்து எங்கள் வாசலுக்குத் திரும்பியபோது, அதற்கு முன்னால் போய் நின்றார். யாரிடமும் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து, "நீயா சொன்ன" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வண்டிக்கு வழிவிட்டு விலகினார். அப்புறம் உள்ளே போய்ப் பூசுகரண்டியை எடுத்துக்கொண்டு மழையில் நடந்து போய்விட்டார். துணிமணிகூட எடுக்கவில்லை. எங்கே போனார் என்று தெரியாது.

சமையலறையும் நடு அறையும் போய்விட்டன. பின்னாலிருந்த நகரின் சுற்றுமதிலையும் இடித்தார்கள். முன் அறை மட்டும் கதவோடு நிற்கிறது. பூட்டிவிட்டு வந்தேன். எதைப் பூட்டினேன் என்று கேட்காதே.

இப்போது எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். பத்து நாள் குழந்தையும் வந்துவிட்டது. நகரில் ஒருத்தரும் இல்லை, நானே தெருத் தெருவாகப் போய்ப் பார்த்துவிட்டேன்.

கலங்கலை உடை. அப்பாவு குறுக்கே நின்றால், ஏஞ்சலின் தன் வீட்டை உடைத்துவிட்டாள், நீ உன் சுவரை உடைக்கமாட்டாயா என்று கேள்.

அக்கா


தாழம்பேடு
6.11.2005

அக்கா,

மூன்று கடிதம் எழுதிவிட்டேன், கொண்டுவர ஆள் இல்லை. ரோடெல்லாம் அறுத்துக்கொண்டு போய்விட்டது, தானியேலால் ஓடையைத் தாண்ட முடியவில்லை. இது நாலாவது. ஒரு வரி எழுது. உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுது, திட்டி எழுது, எனக்குப் போதும்.

அன்றைக்கே உடைத்தோம். உன் கடிதத்தைக் கரையில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். அப்பாவு என் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தச் சிமெண்ட் லேசில் விடவில்லை. நல்ல கலவை வேண்டுமென்று பக்கத்தில் நின்று போட வைத்தவன் நான்தானே. மார்பளவு தண்ணீரில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி இடித்தோம். சுவரில் முதல் ஓட்டை விழுந்ததும் மீதிச் சிமெண்டைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போனது, பழைய கற்கள் மட்டும் நின்றன. அந்தச் சத்தம் கேட்டு ஊரே கும்பிட்டது. நான் மட்டும் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கரை நின்றுவிட்டது. தெரு நின்றுவிட்டது. நீ இருக்கிறாயா?

ஸ்டீபன்


கும்மிடிப்பூண்டி
17.11.2005

தம்பி,

இருக்கிறேன். உன் கடிதங்கள் நாலும் நேற்று ஒன்றாக வந்தன.

தண்ணீர் வந்ததைப் பள்ளிக்கூடத்து மாடியிலிருந்து பார்த்தேன். வெட்டின ரோட்டுக்குள் வந்து, என் வீட்டின் நடுவே புகுந்து, மதில் இருந்த இடத்தில் வெளியே போனது. பக்கத்து வீடுகளில் படிக்கட்டைத் தொட்டதோடு சரி. முன் அறை இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் கதவு முதலில் சாய்ந்தது, பிறகு எல்லாம். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. பிற்பாடு ஒருநாள் மசாலா அரைக்க அம்மியைத் தேடினேன், அப்போது வந்தது. நிறுத்த முடியவில்லை.

எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருக்கிறேன், சமையலுக்கு உதவுகிறேன் என்று சொல்லி ஒட்டிக்கொண்டேன். உன் மாமா மில்லிலேயே தங்கியிருக்கிறார். தானியேலிடம் சொல்லி அனுப்பினேன். "அவ ஊட்ட ஒடைக்கறதுக்கு முன்னால என்ன ஒரு வார்த்த கேட்டாளா" என்றாராம். கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் வேண்டாமென்றிருப்பார், எனக்கும் தெம்பு போயிருக்கும். அவர் கோபம் நியாயம். நான் செய்ததும் நியாயம். இரண்டு நியாயத்துக்கு நடுவில் நான் தனியாகப் படுத்துக் கிடக்கிறேன் ஸ்டீபன்.

நேற்று அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். மனை விற்றவனின் ஆட்கள் வந்து வெள்ளையடித்த எல்லைக்கல்லை மறுபடியும் நட்டிருக்கிறார்கள். ரோட்டையும் மூடப் போகிறார்களாம். நடுவாய்க்காலில் கல்! பிடுங்கி எறிந்துவிட்டு வந்தேன். இன்று காலை போனால் மறுபடியும் நட்டிருந்தது. மறுபடியும் பிடுங்கினேன். இப்போது பக்கத்து வீட்டுப் பெண்களும் கூட வருகிறார்கள், ரோட்டையும் மூட விடமாட்டோம் என்கிறார்கள்.

என்னை அங்கே கூப்பிடாதே. அவர் திரும்பி வந்தால் நான் இங்கே இருக்க வேண்டும்.

அக்கா


தாழம்பேடு
4.12.2005

அக்கா,

இன்று கோயிலில் நட்சத்திரம் கட்டினோம். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் கூடையோடு என் வாசலில் வந்து நின்றார்கள். கலங்கலை அடைக்க வேண்டுமாம். முறைப்படி மண்ணால்தான், சிமெண்ட் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அவர்கள் கேட்பதும் நியாயம்தான். இருக்கிற தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால் கோடையில் மறுபடியும் லாரி, மறுபடியும் உப்பு.

ஆனால் ரேடியோவில் இன்னொரு புயல் என்கிறார்கள். முன்பெல்லாம் நட்சத்திரம் ஏறினால் மழை ஓய்ந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு அடைத்தோம். இந்த மழைக்கு நட்சத்திரமும் தெரியவில்லை, தேதியும் தெரியவில்லை. மேலே இருந்துகொண்டு நாங்களாக நாள் குறிக்கிற காலம் போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் ஊரில் ஒன்று சொன்னேன். வாய்க்கால் ஓய்ந்ததா இல்லையா என்று கீழே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும், அவர்கள் சொன்ன பிறகு அடைப்போம் என்றேன். "இன்னாப்பா, நம்ம ஏரிக்கு உங்க அக்கா கையில சாவியா" என்று ஒருத்தன் கேட்டான். ஆமாம் என்றேன். சிரித்தார்கள், ஆனால் கூடையை இறக்கி வைத்துவிட்டார்கள். கூடைகள் என் வாசலிலேயே கிடக்கின்றன.

நீ சொல்கிறவரை அடைக்கமாட்டேன். நீ சொல்லாவிட்டால் இந்த வருஷம் அடைப்பே இல்லை. தையில் எங்கள் பயிர் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அதனால் சீக்கிரம் சொல் என்று கேட்க எனக்கு வாய் வருகிறது. கேட்கவில்லை.

மாமா வந்தாரா?

ஸ்டீபன்


கும்மிடிப்பூண்டி
19.12.2005

தம்பி ஸ்டீபனுக்கு,

புயல் திசை மாறிப் போனாலும் இரண்டு நாள் பெய்துவிட்டுத்தான் போனது. நல்லவேளை, நீ அடைக்கவில்லை. அதன் பிறகு தினமும் போய் வாய்க்காலில் இறங்கி நின்று பார்த்தேன். தொடைவரை இருந்தது முழங்காலுக்கு வந்தது. இன்று கணுக்கால்தான். தெளிந்து ஓடுகிறது. வானமும் வெளுத்துவிட்டது.

எல்லைக்கல்லை நான்கு நாளாக யாரும் நடவில்லை. ரோடு வெட்டின இடத்தில் பெண்கள் சேர்ந்து மூங்கில் பாலம் போட்டிருக்கிறோம், பாக்கியராஜ் கட்டிக்கொடுத்தான். பழைய கிணற்றில் தண்ணீர் குனிந்து தொடுகிற அளவுக்கு ஏறியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் சோறு வடித்தேன், வெள்ளையாக இருந்தது.

உன் மாமா இன்னும் வரவில்லை. ஆனால் முந்தாநாள் ஷிப்ட் முடிந்து அந்தப் பக்கமாகப் போனாராம், பாலத்தில் நின்று கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாராம். பாக்கியராஜ் சொன்னான். என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லையாம். கிறிஸ்துமஸுக்கு வருவாரா தெரியவில்லை. வந்தால் எங்கே உட்கார வைப்பேன் என்றும் தெரியவில்லை.

கலங்கலை அடைத்துக்கொள். ஊரில் எல்லாரிடமும் ஏஞ்சலின் அடைக்கச் சொன்னாள் என்று சொல். ஆனால் ஒரே ஒரு கல் இடைவெளியை மட்டும் அடைக்காமல் விட்டுவை, எங்கள் கிணற்றுக்கு. பயப்படாதே, அந்தத் தண்ணீர் இனி எங்கேயும் தேங்காது. என் சமையலறை வழியாகப் போகத் தெரிந்துகொண்டது.

ஏஞ்சல் அக்கா